எண்ணூறு சி.சி. பள்ளிக்கூடம்

மாமல்லபுரத்தில் வசிக்கும் என் தமக்கை சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகனுக்கு வயது 23. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தன் சேமிப்பிலிருந்து 85 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பழைய மாருதி ஜென் காரை வாங்கப் போவதாகச் சொல்கிறானாம். வேலைக்குப் போய்வர அல்ல. பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காம். நீயாவது அவனுக்குப் புத்தி சொல் என்பதே அந்த அழைப்பின் சாரம்.

அக்காவின் அச்சத்துக்கு வலுவான காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டிபுலத்துக்கும் தேவனேரிக்கும் இடையே, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மருமகனின் கல்லூரித் தோழன் ஒருவன் விபத்தில் இறந்துபோனான். நண்பர்கள் இரண்டு கார்களில் ஒருவரையொருவர் முந்திச் சென்றுகொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்வந்தவர் என் தமக்கை. வேகம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தப் பிள்ளையின் தாயின் முகம்தான் அவருக்கு நினைவுக்கு வருகிறது.

பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கார், செங்கல்பட்டில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரக் கடையொன்றில் விற்பனைக்கு நின்றிருந்தது. மாலையில் போய்ப் பார்த்தேன். வெயிலில் நிறம் மங்கிய சின்னஞ்சிறு கார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மருமகனுக்குச் சொல்ல நினைத்த புத்திமதிகளெல்லாம் பின்னுக்குப் போய், கோவைக்காரர் ஒருவரின் நினைவு முன்னே வந்தது. அவர் சுந்தரம் கரிவரதன். மறைந்து முப்பது ஆண்டுகளாகின்றன. என் மருமகன் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால், அவன் செய்ய விரும்பும் காரியத்துக்கு இந்த நாட்டில் வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் அவர்தான்.

பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954இல் பிறந்தவர். ஜி.குப்புசாமி நாயுடு 1910இல் கோவையில் தொடங்கிய லட்சுமி மில்ஸ், தென்னிந்தியப் பஞ்சாலைத் தொழிலின் பெரும் பெயர்களுள் ஒன்று. அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். அவருடைய தலைமுறையில் அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கை ஏறக்குறைய முன்னரே வகுக்கப்பட்டிருந்தது: படிப்பு, ஆலை நிர்வாகம், தொழிலதிபர் சங்கங்கள். வசதியான வீடுகளில் கார்கள் இருந்தன. அவற்றை வேகமாக ஓட்டும் பிள்ளைகளும் இருந்தார்கள். கரிவரதன் அதோடு நிற்கவில்லை. காரை ஓட்டுவதில் இருந்த ஆர்வம் அவருக்குக் காரை உருவாக்குவதிலும் இருந்தது.

அதற்கு அவர் பிறந்த ஊரும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். கோவையின் செல்வத்துக்குப் பஞ்சாலைகள் அடித்தளம் என்றால், அந்த ஆலைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பிறந்த வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் அதன் திறமைக்கு அடித்தளம். 1920இல் ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு, இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர். பம்பு செட்டும் மோட்டாரும் அந்த ஊரில் குடிசைத் தொழில்போல் பெருகின. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஓர் உதிரிப்பாகத்தைத் தெருமுனைப் பட்டறையிலேயே கடைந்தெடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த ஊருக்கு உண்டு. கரிவரதனின் வாழ்க்கை அந்த நம்பிக்கையின் மீது எழுந்தது.

சோழவரத்துத் தூசி

கோவையில் பிறந்த அவருடைய ஆர்வத்துக்குக் களமாக அமைந்தது எங்கள் செங்கல்பட்டு மாவட்டம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் உருவானது. நான் சொல்வது பழைய பெருமாவட்டத்தை. 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று அது இரண்டாகப் பிரிக்கப்படும்வரை, வடக்கே பொன்னேரிப் பகுதியிலிருந்து தெற்கே மதுராந்தகம் கடந்தும் அதன் எல்லை விரிந்திருந்தது. செங்குன்றத்தைத் தாண்டி வரும் சோழவரமும், திருப்பெரும்புதூர் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையும் அதனுள் அடக்கம். இந்திய மோட்டார் பந்தய வரலாற்றின் இரண்டு முக்கியமான இடங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன என்பதை இங்குள்ளவர்களே மறந்துவிட்டோம்.

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கைவிடப்பட்ட அந்த ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தத் தொடங்கியது. பந்தயத்துக்கென்று அமைக்கப்பட்ட தடம் அல்ல அது. நேர்கோட்டில் நீண்டு கிடக்கும் ஓடுபாதையில் முழுவேகத்தில் வந்து, முனையில் சட்டென்று வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அங்கே கூடுவார்கள். கல்லூரி மாணவனாக இருந்தபோது, 1980களில், செங்கல்பட்டிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். நிழலே இல்லாத வெளி. பெட்ரோல் நெடியும், தேய்ந்த டயரின் நாற்றமும், தூசியும் சட்டையில் ஏறி வீடுவரை வரும். கரிவரதனை அருகில் கண்டு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் சொல்லப்படும்போது கூட்டத்தில் எழும் சலசலப்பு மட்டும் நினைவிருக்கிறது. அந்நாளைய முன்னணி ஓட்டுநர்களுள் அவர் ஒருவர்.

அந்தக் காலத்துச் சோழவரத்தில் இரண்டு உலகங்கள் அடுத்தடுத்து ஓடின. ஒருபுறம், வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த பந்தயக் கார்களைப் பெரும் பொருட்செலவில் தருவித்த செல்வந்தர்கள். விஜய் மல்லையா என்சைன் நிறுவனத்தின் பழைய ஃபார்முலா 1 காரையே அங்கே ஓட்டினார். மறுபுறம், ஃபியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் அம்பாசிடரையும் பட்டறையில் இழைத்து இழைத்து வேகமேற்றியவர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வரிகளும் இறுக்கமாக இருந்த காலம் அது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு முறையான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் உட்காரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரிவரதன் முதல் உலகத்திலேயே வசதியாகத் தங்கியிருக்கலாம். வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, கோப்பைகளைக் குவித்து, நினைவுகளோடு முதுமையை எய்தியிருக்கலாம். அவர் இரண்டு உலகங்களுக்கும் இடையிலான சுவரைப் பற்றி யோசித்தார்.

ஏழையின் பந்தயக் கார்

அந்தச் சுவரைத் தகர்க்க அவருக்குக் கிடைத்த கருவி, நம் எல்லோருக்கும் தெரிந்த மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் கார் விற்பனைக்கு வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர்கள், சுமார் 40 குதிரைத்திறன். ஆசிரியரும் வங்கி ஊழியரும் கடன் வாங்கி வாங்கிய கார். அதைப் பார்த்த பலருக்கு அது குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர ஏற்ற வண்டியாகத் தெரிந்தது. கரிவரதனுக்கு அதன் எஞ்சின் வேறொன்றாகத் தெரிந்தது. எடை குறைவு, நம்பகமானது, எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஓர் இலகுவான சட்டகம். அதற்கு மேல் கண்ணாடியிழை உடல். ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் இருக்கை. அவருக்குப் பின்னால் மாருதியின் எஞ்சின். 1980களின் இறுதியில் கோவையில் இப்படி உருவான கார்களுக்கு ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ஃபிஸ்மி என்று பெயரிட்டார்கள். மக்கள் வழக்கில் அது ஃபார்முலா மாருதி ஆயிற்று. குடும்பக் காரின் எஞ்சினை எடுத்து, முறையான பந்தயக் காரின் இலக்கணத்துக்குள் பொருத்தியதுதான் கரிவரதனின் சாதனை.

இதன் சிறப்பு விலைக்குறைவு மட்டுமன்று. எல்லோருக்கும் ஒரே வகைக் கார், ஒரே எஞ்சின் என்கிறபோது, தந்தையின் பணப்பைக்குப் பந்தயத்தில் வேலை குறைகிறது. யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது வெளிப்படுகிறது. தவறு செய்து சேதப்படுத்தினாலும் அதே ஊரில், அதே வாரத்தில் சரிசெய்துவிடலாம். கற்பவனுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. ஏனெனில் கற்றல் என்பதே பல தவறுகளைச் செய்து தாண்டுவது. ஒரு தவறின் விலை ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் என்றால் யாரும் கற்க முடியாது. கரிவரதன் குறைத்தது காரின் விலையை என்பதைவிட, தவறின் விலையை என்பதே சரி.

திறன் குறைந்த எஞ்சினுக்கு ஆசிரியக் குணம் ஒன்றும் உண்டு. 300 குதிரைத்திறன் கொண்ட கார், ஓட்டுநரின் பிழைகளை மறைத்துவிடும். வளைவில் தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிட்டாலும், வெளியே வந்ததும் முடுக்கியை மிதித்து இழந்ததை மீட்டுவிடலாம். 40 குதிரைத்திறன் காரில் இழந்த வேகம் எளிதில் திரும்பாது. ஆகவே, நேர்கோட்டிலேயே பிரேக் பிடித்து முடிக்க வேண்டும். தடத்தின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பைத் தொட்டு மீண்டும் வெளி விளிம்புக்கு விரியும் கோட்டைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடுங்காமல் மென்மையாகத் திருப்ப வேண்டும். கண்கள் காரின் மூக்கில் அல்லாமல் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். இவையெல்லாம் மனத்தில் பதிந்தபின் பெரிய கார் கிடைத்தால் அது கூடுதல் பலம். பதியாமல் கிடைத்தால் ஆபத்து.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து உலகத்துக்கு

1990இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரத் தடம் இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டது. 3.7 கி.மீ. நீளம், 12 திருப்பங்கள். சோழவரத்தின் ஓடுபாதைக் காலம் முடிந்தது. புதிய தடத்தில் ஃபார்முலா மாருதிப் பந்தயங்கள் ஓடின. பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் தன் முதல் பந்தயத்தை அங்கே, அந்தக் காரில் ஓட்டி, வெற்றி மேடையிலும் ஏறினான். கோவையைச் சேர்ந்த அந்தச் சிறுவனின் பெயர் நரேன் கார்த்திகேயன்.

2005இல் நரேன், ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கி, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஐந்தாண்டுகள் கழித்து, 2010இல், ஃபார்முலா 1இல் ஓடிய இரண்டாவது இந்தியர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அவருடைய பந்தய வாழ்க்கையும் ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கியது. இன்றுவரை இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓடியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். இருவரும் ஏறி வந்த முதல் படி, ஒரு குடும்பக் காரின் எஞ்சினால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நரேனின் உயரத்தைக் காணக் கரிவரதன் இருக்கவில்லை. 1995 ஆகஸ்டில், அவர் சென்ற இலகு ரக விமானம் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். வயது நாற்பதைக் கடந்து சிறிது காலமே ஆகியிருந்தது. தடத்தில் இத்தனை ஆண்டுகள் ஆபத்தோடு பழகியவரை ஆகாயம் எடுத்துக்கொண்டது. அவருடைய மரணத்திலிருந்து நீதி எதையும் பிழிந்தெடுக்க எனக்கு மனமில்லை. வேகத்தை நேசித்தவர்களின் வாழ்வில் அபாயம் எப்போதும் உடன் வரும் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது என்பதால் குறிப்பிடுகிறேன்.

அவர் தொடங்கியது அவரோடு முடியவில்லை. அவருடைய நண்பரும் எல்.ஜி.பி. குழுமத்தைச் சேர்ந்தவருமான பி.விஜயகுமார், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உருவாக்கிய தடம் 2003இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் கரி மோட்டார் ஸ்பீடுவே. உள்நாட்டு உதிரிப்பாகங்களில் உருவாகும் எளிய ஒற்றை இருக்கைக் கார்கள் என்ற அவருடைய எண்ணம், எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற பிரிவுகளாக இன்றும் தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு தயக்கமும் பதிலும்

கரிவரதனைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆட்சேபம் எழுவது இயல்பு. அவர் செல்வந்தர், மலிவு என்று அவர் கருதியதும்கூட எளியவர்களுக்கு எட்டாதது, ஃபார்முலா மாருதியில் ஓடியவர்களில் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் எத்தனை பேர்? நியாயமான கேள்வி. பந்தயம் அன்றும் இன்றும் செலவு மிக்க விளையாட்டுதான். அவர் அதை எல்லோருக்கும் உரியதாக ஆக்கிவிட்டார் என்று சொல்வது மிகை.

ஆனால், தனக்குத் திறந்திருந்த கதவின் வழியாகத் தான் மட்டும் போகாமல், அதை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டுப் போனவர் அவர். அந்த அகலத்தை மேலும் பெருக்கியிருக்க வேண்டியது அவருக்குப் பின்வந்த நம்முடைய பொறுப்பு. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது நகரமே திரண்டு வேடிக்கை பார்த்தது. நடிகர் அஜித்குமாரின் அணி 2025இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது இளைஞர்கள் கொண்டாடினார்கள். ஆர்வத்துக்கு இங்கே குறைவில்லை. வேடிக்கை பார்த்த இளைஞன் மறுநாள் காலையில் தன் ஆர்வத்தை எங்கே கொண்டுபோவது என்பதற்குத்தான் நம்மிடம் விடை இல்லை. எனவே அவன் அதைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோகிறான்.

சாலை ஏன் பள்ளி ஆகாது?

முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம்வரை அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் கவர்ச்சி தெரியும். ஒருபுறம் கடல், சவுக்குத் தோப்புகள், நீண்ட நேர்கோடுகள். விடியற்காலையில் அது வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வெறுமையாக இருப்பதே இல்லை. கோவளத்துக் கரையிலிருந்து மீன் கூடையோடு கடப்பவர் இருப்பார்; வடநெம்மேலி அருகே சைக்கிள் பயிற்சி செய்பவர்கள் வருவார்கள்; மாடு படுத்திருக்கும்; மாமல்லபுரம் நோக்கிச் சுற்றுலாப் பேருந்து வரும்.

கணக்கு எளிது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி. பிறகு உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர். மொத்தம் 75 மீட்டருக்கு மேல். வேகம் 140 ஆனால் இந்தத் தூரம் 130 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். மூடிய தடத்தில் இந்தக் கணக்கைத் தவறாகப் போட்டால் கார் மணலில் இறங்கி நிற்கும். கொடி காட்டுபவர் பின்னால் வருபவர்களை எச்சரிப்பார். ஆம்புலன்ஸ் அருகிலேயே நிற்கும். எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள்; எதிரே வாகனம் வராது. சாலையில் இதே தவற்றுக்கு இன்னொருவர் உயிரைக் கொடுக்க நேர்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை தேவைதான். ஆனால், போகாதே என்று மட்டும் சொல்லி, எங்கே போகலாம் என்று சொல்லாத சமூகம் பாதிக் கடமையைத்தான் செய்கிறது.

துருவும் தலைக்கவசமும்

மருமகன் அந்த வாரக் கடைசியில் வந்தான். பழக்கமான பட்டறை மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் காரைப் பார்க்கப் போனோம். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. தரையில் படுத்து, ஒரு ஸ்குரூடிரைவரால் காரின் அடித்தகட்டைச் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. கடற்கரையோரம் பல ஆண்டுகள் நின்ற வண்டி. உப்புக் காற்று உள்ளிருந்து தின்றிருக்கிறது. பளபளப்பைப் பார்க்காதீர்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார். மருமகனுக்கு ஏமாற்றம். மூன்று வாரங்கள் கழித்து மதுராந்தகம் பக்கம் துருவில்லாத இன்னொரு ஜென் கிடைத்தது. ஐயாயிரம் அதிகம்.

நான் அவனிடம் வைத்த நிபந்தனைகள் சில. எஞ்சினுக்கு வேகமேற்ற ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது. பணமெல்லாம் முதலில் பிரேக், பிரேக் ஆயில், டயர், குளிரூட்டும் குழாய்கள், இருக்கைப் பட்டை ஆகியவற்றுக்குப் போக வேண்டும். தரமான தலைக்கவசம் இல்லாமல் தடத்துக்குள் நுழையக் கூடாது. காரின் கட்டமைப்பை மாற்றினால் அது சாலைக்கு உரிய வாகனமாக இருக்காது. அப்படி மாற்றுவதென்றால் லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சில முறை பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவன் ஒருநாளும் யாரையும் போட்டிக்கு முந்தக் கூடாது. அதை அவன் என்னிடம் அல்ல, தன் தாயிடம் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் நான் மாமல்லபுரத்துச் சிற்பிகளை உதாரணமாகக் காட்டினேன். அவர் வீட்டுத் தெருவிலேயே நாள் முழுதும் உளிச் சத்தம் கேட்கும். பயில வருபவனிடம் முதல் நாளே தெய்வத் திருமேனிக்கான கல்லைக் கொடுப்பதில்லை. உடைந்துபோனால் யாருக்கும் நட்டமில்லாத கல்லில், மாதக்கணக்கில் நேர்கோடு கொத்திப் பழகுகிறான். இந்தக் காரும் அப்படிப்பட்ட கல்தான் என்றேன். கல் உடைந்தால் கல்தான் உடையும் என்று அக்கா பதில் சொன்னார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அபாயம் குறையும், மறையாது என்று மட்டும் ஒப்புக்கொண்டேன்.

சென்ற மாதம் அவன் முதன்முறையாகத் தடத்தில் ஓட்டினான். நானும் உடன் போயிருந்தேன். காலை முழுவதும் அவனை எல்லோரும் முந்திக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குமேல் ஒருசில வளைவுகள் பிடிபட்டன. அன்றைய கட்டணமும் டயர் தேய்மானமும் சேர்ந்து அவன் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிட்டன. திரும்பும் வழியில், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு அவன்தான் ஓட்டினான். வேகமானி அறுபதைத் தாண்டவில்லை. தான் எவ்வளவு மோசமாக ஓட்டுகிறோம் என்பது இன்றுதான் தெரிந்தது என்றான். இருபத்து மூன்று வயதில் ஓர் இளைஞன் இதை உணர்ந்து சொல்வதற்கு அந்தத் தொகை அதிகமில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால், எத்தனை இளைஞர்களால் அந்தத் தொகையைக் கொடுக்க முடியும்? அதுதான் கரிவரதன் எழுப்பிய கேள்வி. இன்னும் முழு விடை காணாத கேள்வி. தடங்களை நடத்துவோர் மாதத்தில் சில நாள்களையாவது சொந்தக் காரோடு வரும் எளிய இளைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிடலாம். சர்வதேசப் பந்தயங்களுக்கு ஆதரவளிக்கும் அரசு, அதில் ஒரு சிறு பங்கைப் பயிற்சிக் கட்டண மானியமாக ஒதுக்கலாம். பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பழைய கார் ஒன்றைப் பாதுகாப்பான பயிற்சிக் காராக மாற்றும் வேலையை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். கோவைப் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது இன்று இயலாததல்ல.

அன்றிரவு வீட்டுக்குள் நுழைந்ததும், அக்கா மகனைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தத் தலைக்கவசத்தை வாங்கி, உள்ளே கைவிட்டு அதன் பஞ்சை அழுத்திப் பார்த்தார். இதைவிடக் கெட்டியானது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.